பதில் சொல்லாத வாத்தியார்

2003-ம் வருஷத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக் கொண்டிருந்தன. "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்பதே அந்தக் கேள்வி. புள்ளிராஜா என்பவர் யார், எந்த ஊர்க்காரர், என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்ற விவரம் ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் நிமிர்ந்து பார்த்தால் விளம்பரப் பலகையில் புள்ளிராஜா. டீக்கடையில் திரும்பிப் பார்த்தால் எதிர்ச் சுவரில் புள்ளிராஜா. தேர்தலுக்கு நிற்கும் அபேட்சகர்களுக்குக் கூட இவ்வளவு பிராபல்யம் கிட்டுவதில்லை.

நாம் அப்போது நாமக்கல் சீமையில் ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த விஞ்ஞான உபாத்தியாயர். சர்வகலாசாலையில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கி வந்த சூடு இன்னும் ஆறவில்லை. ஆகவே உலகத்தில் நமக்குத் தெரியாத விஷயம் அநேகமாக ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை இருந்தது. ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில், கரும்பலகையில் தவளையின் இருதயத்தை வரைந்து கொண்டிருந்தோம். கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார்! புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா, வராதா?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நமக்குக் காது சிவந்து விட்டது. பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலில் இரண்டொரு சொற்கள் வரும். அந்தச் சொற்களை நாற்பது பையன்களுக்கும் பெண்களுக்கும் முன்னால் உச்சரிப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. "உட்காரடா! முதலில் தவளையைக் கவனி!" என்று அதட்டிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக் கொண்டோம். மூன்றாவது பெஞ்சியில் ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தோம். ஒழுக்கமான பையன் என்று மனத்திற்குள் மெச்சிக் கொண்டோம். அந்தப் பையனைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

எய்ட்ஸ் என்னும் கொள்ளை நோய் ஸ்திரீ புருஷ சம்பந்தத்தைப் பற்றிய ஜனங்களுடைய மனோபாவத்தை எவ்வளவு தூரம் மாற்றியது, எந்த இடத்தில் மாற்றாமல் நின்று விட்டது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்க விரும்புகிறோம். குடும்பப் பத்திரிகையில் இதையா எழுதுவது என்று சில நேயர்கள் முகம் சுளிக்கலாம். குடும்பத்தில் பேசாததனால் நேர்ந்த விபரீதமாகையால் குடும்பப் பத்திரிகையில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உடலுறவினால் வரும் வியாதி மனிதர்களுக்குப் புதிதல்ல. 1930-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட பழைய தமிழ்ப் பத்திரிகைத் தொகுதி எதையாவது புரட்டிப் பாருங்கள். மேக வியாதிக்குக் கைகண்ட மருந்து என்ற விளம்பரம் நிச்சயமாகக் கண்ணில் படும். அப்புறம் பெனிசிலின் வந்தது, ஊசி போட்டால் தீர்ந்தது என்று ஆயிற்று, பயமும் போயிற்று. பயம் போன இடத்தில் அறிவு வந்து உட்கார்ந்ததா என்றால், அதுதான் இல்லை.

ஆணுறை என்னும் சாதனம் நமது தேசத்தில் பரவியதற்கும் வியாதிக்கும் சம்பந்தமே கிடையாது. பிள்ளைப்பேற்றைக் குறைக்க வேண்டும் என்று சர்க்கார் முனைந்ததால் வந்தது அது. செயற்கை முறைகளால் கர்ப்பத்தைத் தடுக்கலாமா என்று 1935-ம் வருஷக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் ஸாங்கர் அம்மையார் வார்தாவுக்கே வந்து மகாத்மாவிடம் வாதாடினார். தம்பதிகளின் சுயக் கட்டுப்பாடு ஒன்றே வழி என்று மகாத்மா சொல்லிவிட்டார். சுதந்திரத்திற்குப் பிறகு ஜனத்தொகை ஏறிய வேகத்தில் அந்த வாதம் பின்னுக்குப் போயிற்று. 1968-ல் 'நிரோத்' என்ற பெயரில் உறை விற்பனைக்கு வந்தது. தடுத்தல் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல் அது. தேயிலை, சோப்பு, சிகரெட், பாட்டரி விற்கும் பெரிய கம்பெனிகளின் வண்டிகளிலேயே அதுவும் ஏறி மூலை முடுக்குக் கடைகளுக்கெல்லாம் போயிற்று. விலை மூன்றுக்குப் பதினைந்து காசு. மறு வருஷமே திருவனந்தபுரத்தில் அரசாங்கத் தொழிற்சாலை ஒன்று அதை உற்பத்தி செய்யத் தொடங்கியது.

ஆனால் கடைக்காரர் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுத்தார். வாங்கியவர் வேஷ்டி மடிப்பில் செருகிக் கொண்டுதான் போனார். சிவப்பு முக்கோணம் வரையாத சுவரில்லை. ஆனால் அந்த முக்கோணத்தின் அர்த்தத்தை எந்தத் தகப்பனும் பிள்ளைக்குச் சொன்னதில்லை. தமிழ்நாட்டில் இன்னொன்றும் நடந்தது. குடும்பக் கட்டுப்பாடு என்றால் இங்கே பெண்களுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சை என்றே ஆகிவிட்டது. இரண்டாவது பிரசவம், உடனே ஆபரேஷன், விஷயம் முடிந்தது. அதன் பிறகு உறைக்கு வீட்டில் என்ன வேலை? இந்தச் சின்ன விஷயத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஐந்து இளைஞர்களுக்கு விசித்திரமான நிமோனியாக் காய்ச்சல் கண்டதாக ஒரு சர்க்கார் வாரக் குறிப்பில் சிறு செய்தி வெளியாயிற்று. ஆரம்பம் அதுதான். அவர்கள் ஆணை நேசிக்கும் ஆண்கள். ஆதலால் இது அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் வரும் தண்டனை என்று உலகம் திருப்தியடைந்து விட்டது. இன்னது கிருமி என்று பாரிஸ் பாஸ்டர் ஸ்தாபனத்தார் கண்டுபிடித்தது 1983-ல். அதைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை வந்தது 1985-ல். இதற்குள் நியூயார்க்கில் வியாதியால் பீடிக்கப்பட்ட இரண்டு இளைஞர்கள், ரிச்சர்டு பெர்கோவிட்ஸ், மைக்கேல் காலன் என்பவர்கள், ஜோசப் ஸானபெண்டு என்ற வைத்தியரின் உதவியோடு 1983-ம் வருஷத்தில் ஒரு சிறு பிரசுரம் எழுதினார்கள். கொள்ளை நோய்க் காலத்தில் எவ்வாறு உறவு கொள்வது என்பது அதன் விஷயம்.

அந்தப் பிரசுரத்தின் மகத்துவத்தை இப்போது உணர்வது கஷ்டம். மத போதகர்கள் "விட்டு விடு" என்றார்கள்; சர்க்கார் வாயைத் திறக்கவில்லை. இந்த இருவருமோ, மனிதன் அன்பையும் ஸ்பரிசத்தையும் விட்டு விட்டு உயிர் வாழ்வான் என்று எதிர்பார்ப்பது வீண். எந்தச் செய்கையில் அபாயம் உண்டு, எதில் இல்லை என்று பிரித்துச் சொல்லி, உறையை உபயோகியுங்கள் என்று சொன்னார்கள். 'பாதுகாப்பான உறவு' என்று இன்று உலகமெல்லாம் வழங்கும் எண்ணம் உருக்கொண்டது அப்போதுதான். பிள்ளை பிறக்காமல் தடுப்பதற்காக இருந்த ஒரு ரப்பர்த் துண்டு, அன்று முதல் உயிரைக் காப்பதற்கான கவசம் ஆயிற்று. அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று உண்டு. தன்னைக் காத்துக் கொள்வதோடு எதிரில் இருப்பவரைக் காப்பதும் தன் பொறுப்பு என்று அவர்கள் எழுதினார்கள். வியாதி வந்தவர்களே இதைச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சர்க்கார்கள் மெள்ள மெள்ளப் பின்னால் வந்தன. 1987-ல் பிரிட்டிஷ் சர்க்கார் வீட்டுக்கு வீடு துண்டுப் பிரசுரம் அனுப்பியது. 1988-ல் அமெரிக்காவின் தலைமை வைத்திய அதிகாரி எவரெட் கூப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குத் தபால் அனுப்பினார். மனிதர் பரம வைதீகக் கிறிஸ்துவர். அவர் ஆணுறை என்ற சொல்லை வெளிப்படையாகச் சொன்னபோது அவருடைய சிநேகிதர்களே திகைத்துப் போனார்கள்.

நம் தேசத்தில் அந்தக் காலத்தில் நிலவிய எண்ணம் என்ன? "எய்ட்ஸ் மேல்நாட்டு வியாதி, நமது கலாசாரத்தில் அது வராது" என்பதுதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் கிருமி சாஸ்திரப் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அப்படி நினைக்கவில்லை. தம்மிடம் மேற்படிப்புப் படித்து வந்த செல்லப்பன் நிர்மலா என்ற முப்பத்திரண்டு வயதுப் பெண்மணியிடம் இதையே ஆராய்ச்சி விஷயமாக எடுத்துக் கொள்ளச் சொன்னார். நிர்மலா தயங்கினார். அவருடைய கணவர்தான் தைரியம் சொன்னார். பாலியல் தொழிலில் அகப்பட்டுப் போலீஸாரால் காப்பகத்தில் சேர்க்கப்பட்டிருந்த பெண்களிடம் பேசி ரத்தம் எடுக்க வேண்டும். தமது ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டு போய் மனைவியை அங்கே இறக்கி விட்டவரும் அதே கணவர்தான். சேகரித்த மாதிரிகளை வைப்பதற்கு வேறு வசதி இல்லாமையால் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார் நிர்மலா. 1986 பிப்ரவரியில் தம்பதிகள் இருவரும் இரவு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, பரிசோதனை வசதியிருந்த வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரிக்குப் போனார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பிச் சரிபார்த்ததிலும் அதே முடிவுதான் வந்தது. அவ்வருஷம் மே மாதம், சுகாதார மந்திரி டாக்டர் ஹண்டே சட்டசபையில் அந்தச் செய்தியை வெளியிட்டார். நம்பியவர்களைவிட நம்பாதவர்களே அதிகம். சோதனையில் தவறு இருக்கும் என்றார்கள். தவறு சோதனையில் இல்லை.

மேல்நாட்டிலே ஆணுலகத்துக்குள் தொடங்கிய வியாதி இங்கே பெண்களிடத்தில் முதலில் அகப்பட்டதால், பழியும் பெண்கள் தலையிலேயே விழுந்தது. அந்தப் பெண்களிடம் கிருமியைக் கொண்டு வந்து சேர்த்த கனவான்கள் யார் என்று யாரும் சுவரில் எழுதிக் கேட்கவில்லை. 2003-ல் புள்ளிராஜா வந்த பிறகுதான் கேள்வி ஆண்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்கப்பட்டது. அந்த வகையில், நாம் வகுப்பில் அதட்டி அடக்கிய கேள்வி ரொம்ப நல்ல கேள்வி.

முதல் பத்து வருஷப் பிரசாரம் பயமுறுத்தும் பிரசாரமாகவே இருந்தது. மண்டையோட்டுப் படம், "ஆட்கொல்லி" என்ற பட்டம். பயந்தவன் ஓடுவான், ஒளிவான். உறை வாங்குவான் என்பது நிச்சயமில்லை. இந்தத் தவறு நாளடைவில் புரிந்தது. 1994-ல் தமிழ்நாட்டு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டது; இந்த மாதிரிச் சங்கம் அமைந்தது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை. சென்னை வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் ஸ்தாபனத்தார் 1995 முதல் லாரிக்காரர்களிடையே வேலை ஆரம்பித்தார்கள். உபந்நியாசம் செய்வதை நிறுத்திவிட்டு, லாரி ஸ்டாண்டிலும் நெடுஞ்சாலை ஓட்டல்களிலும் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். பேசியவர்களில் பலர் அவர்களைப் போன்ற டிரைவர்களும் கிளீனர்களுமே.

நாமக்கல் பக்கத்திலே இருந்தபடியால் இந்த மாறுதலை நாமே ஓரளவு பார்த்தோம். இஞ்சினுக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்தால் உடம்பில் சூடு ஏறும், அதை எப்படியாவது தணித்துக் கொள்ளாவிட்டால் கண் கெட்டுவிடும் என்று டிரைவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். அதை மூட நம்பிக்கை என்று சிரித்தால் அவர்கள் எழுந்து போய் விடுவார்கள். "சரி அண்ணே, சூட்டைத் தணிக்கிற வழி எதுவானாலும் இதையும் பையிலே வைத்துக் கொள்" என்று சொன்னவனுடைய பேச்சைக் கேட்டார்கள். டீக்கடை மேஜையில் உறைகள் நிறைந்த பெட்டி, பீடிக் கட்டுக்குப் பக்கத்தில், சாதாரணமாக உட்கார்ந்திருந்தது. சுற்றிக் கொடுக்கப் பழைய செய்தித்தாள் தேவைப்படவில்லை. பதினைந்து வருஷத்திற்கு முன்னால் இதை யாராவது ஆரூடம் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்போம்.

ஆனால் தனி மனிதனுடைய நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை ஆசியாவின் வேறு இரண்டு இடங்கள் அழகாகக் காட்டின. சயாம் தேசத்தில் மீச்சாய் வீரவைத்யா என்பவர் வெகு காலமாகவே உறையைப் பற்றிய கூச்சத்தைச் சிரித்துச் சிரித்தே போக்கியவர். அந்நாட்டு ஜனங்கள் உறைக்கே 'மீச்சாய்' என்று பெயர் வைத்து விட்டார்கள். 1989-ல் ராட்சபுரி மாகாணத்தில் ஒரு டாக்டர் புதிய திட்டம் ஒன்றை ஆரம்பித்தார். மாகாணத்திலுள்ள எல்லா விடுதிகளிலும் உறை இல்லாவிட்டால் உறவு இல்லை என்று ஒரே சமயத்தில் விதி செய்தார்கள். ஒரு வீட்டில் மறுத்தால் அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்ற நிலைமை இருக்கும் வரையில் எந்தப் பெண்ணால் மறுக்க முடியும்? எல்லா வீடுகளிலும் மறுத்தால் வந்தவன்தான் பணிய வேண்டும். இத்திட்டம் 1991-ல் தேசம் முழுவதற்கும் வந்தது. விலை கொடுத்துப் பெறும் உறவுகளில் உறை உபயோகம் 1989-ல் நூற்றுக்கு 14, 1993-ல் 94. கல்கத்தா சோனாகாச்சியில் அதே வழியைச் சர்க்கார் உத்தரவில்லாமல் பெண்களே கண்டு கொண்டார்கள். டாக்டர் ஸ்மரஜித் ஜானா 1992-ல் அங்கே வந்து, அந்தப் பெண்களையே ஊழியர்களாக நியமித்தார். 1995-ல் அவர்கள் தாமே சங்கம் அமைத்தார்கள். ஒருத்தியாக நின்று சொல்ல முடியாத 'மாட்டேன்' என்ற வார்த்தையைச் சங்கமாக நின்று சொன்னார்கள்.

தென்னிந்தியாவில் பலன் தெரிந்தது. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ள கர்ப்பிணிகளின் ரத்தத்தை ஆராய்ந்ததில், கிருமி உள்ளவர்கள் 2000-ல் நூற்றுக்கு 1.7 ஆக இருந்து 2004-ல் 1.1 ஆகக் குறைந்ததாக 2006-ல் பிரசுரமான ஆராய்ச்சி ஒன்று கூறிற்று. புருஷர்கள் வெளியே போவது குறைந்ததோ, போனபோது உறையை உபயோகித்ததோ, இரண்டுமோ காரணமாயிருக்கலாம் என்று அதை எழுதியவர்கள் கருதினார்கள்.

இதோடு கட்டுரையை முடித்துவிட்டால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மூன்றாவது பெஞ்சிப் பையன் காத்திருக்கிறான்.

2011-ம் வருஷத்தில் ஒரு நாள் அவன் நம் வீட்டுக்கு வந்தான். வாலிபனாகியிருந்தான். உத்தியோகம் கிடைத்த சந்தோஷத்தில் மிட்டாய்ப் பெட்டி கொண்டு வந்திருந்தான். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பள்ளிக்கூட நாட்களுக்கு வந்தபோது, "சார், புள்ளிராஜா ஞாபகம் இருக்கிறதா?" என்றான். நாம் சிரித்தோம். அவன் அன்றைக்கும் சிரிக்கவில்லை.

அவனுடைய தகப்பனார் வடக்கே லாரி ஓட்டியவர். 2001-ல் இறந்து போனார். காச நோய் என்று ஊருக்குச் சொன்னார்கள். தாயாருக்கும் கிருமி இருப்பது அப்போது தெரிந்தது. வீட்டில் இருந்த மூன்று பேரும் அதைப் பற்றித் தங்களுக்குள்ளேயே பேசிக் கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் தானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக் கொண்டான். தங்கையின் தட்டையும் தனியே வைத்தான். அம்மா தொட்ட சாதத்தை ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்த்தான். அம்மா அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

"அன்றைக்கு அவன் எழுந்து கேட்டபோது, நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன், சார். எப்படி வரும் என்று சொன்னால், எப்படி வராது என்பதும் தெரிந்து போகும் அல்லவா? நீங்கள் தவளைக்குப் போய் விட்டீர்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் தட்டைத் தனியாகத்தான் வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாள் உட்கார வைத்துச் சொன்ன பிறகுதான் விட்டேன்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். நமக்கு மிட்டாய் தொண்டையில் இறங்கவில்லை.

சில மாதம் கழித்து அவனுடைய தாயாரைப் பார்த்தோம். மருந்து சாப்பிட்டுத் தேக சௌக்கியத்துடன் இருந்தார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டு, சொன்னதை எழுதலாம் என்று அனுமதித்தார். "அவரு சட்டையத் துவைக்கறப்போ அந்தப் பொட்டணத்தப் பார்த்தேனுங்க. 'ஸ்டாண்டுல எல்லாருக்கும் சும்மா குடுக்கறாங்க'ன்னாரு. நமக்குத்தான் ஆபரேசன் ஆயிப்போச்சே, இது எதுக்குன்னு எடுத்து அலமாரியில வெச்சுட்டேனுங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாமலே போச்சுன்னு சொல்ல மாட்டேனுங்க. உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. ஆனா, இதப் போட்டுக்கன்னு நான் சொன்னா, 'என்னையச் சந்தேகப்படறயா'ன்னு ஒரு கேள்வி வரும். இல்லாட்டி, 'உனக்கு எதுக்கு இது தெரியும்'னு இன்னொரு கேள்வி வரும். கேக்காம இருந்தா ஒரு கேள்வியும் வராதுங்களே."

நேயர்களே! இருபது வருஷப் பிரசாரத்தின் குறை முழுவதும் இந்த நாலு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. உறையைப் பற்றிய கூச்சத்தை லாரி ஸ்டாண்டில் போக்கினோம், வாஸ்தவந்தான். ஆனால் போக்கிய விதம் எப்படி? உறை என்றால் வெளி உறவுக்கு என்று ஆக்கி விட்டோம். ஆகவே வீட்டுக்குள் அதைக் கேட்பது, நீ வெளியே போகிறாய் என்று குற்றம் சாட்டுவதாகவோ, நான் வெளியே போகிறேன் என்று ஒப்புக் கொள்வதாகவோ ஆகிவிட்டது. அந்த லாரியிலே கவசம் இருந்தது. வீட்டு அலமாரியிலும் இருந்தது. இரண்டு இடத்திலும் அது அந்தப் பெண்மணியைக் காப்பாற்றவில்லை.

டாக்டர் சுனிதி சாலமன் 1993-ல் கல்லூரி உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சென்னையில் சொந்தமாக எய்ட்ஸ் ஸ்தாபனம் தொடங்கினார். அங்கே வந்த கிருமி கண்ட 134 பெண்களைப் பற்றி 2000-ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வீட்டோடு இருக்கும் இல்லத்தரசிகள். பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் கணவனைத் தவிர வேறு ஆடவனை அறியாதவர்கள். கற்பு என்பது பெண்ணுக்குப் பெரிய அரண் என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அரணுக்கு வெளிவாசல் வேறொருவர் கையில் இருந்தது என்பதை யாரும் அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. நிலைமை இன்றும் பெரிதாக மாறிவிட்டதென்று எண்ண வேண்டாம். 2019-21-ம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவர்கள் என்று தெரிகிறது. உறையை நம்பும் தம்பதிகள் வெகு சொற்பம்.

நல்ல செய்தியும் உண்டு. அதை மறைப்பது தவறு. 1996-ல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தது. வருஷத்துக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் பிடித்த அந்த மருந்தை, 2001-ல் நமது பம்பாய் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தர முன்வந்தது. மேல்நாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு அது பேரிடி. 2004 ஏப்ரல் முதல் நமது அரசாங்கம் தாம்பரம் முதலிய ஆஸ்பத்திரிகளில் அதை இனாமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2011-ல் இன்னும் பெரிய ஆச்சரியம் வெளியாயிற்று. ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை ஒன்பது தேசங்களில் ஆராய்ந்தார்கள். சென்னையும் அவற்றில் ஓர் இடம். கிருமி உள்ளவருக்குச் சீக்கிரமே மருந்து கொடுத்தால் துணைவருக்குத் தொற்றுவது நூற்றுக்கு 96 பங்கு குறைந்து போகிறதென்று கண்டார்கள். ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு மருந்து வேலை செய்தால், உறவின் மூலம் தொற்றுவதே இல்லையென்று இப்போது உலக வைத்தியர்கள் ஒப்புக் கொள்கிறார்கள்.

ஆக, மருந்தும் ஒரு கவசமாயிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் பெனிசிலின் வந்த காலத்தில் நடந்தது நமக்கு ஞாபகம் வருகிறது. இன்றைய வாலிபர்களுக்கு எய்ட்ஸ் பயம் இல்லை. புள்ளிராஜாவின் பெயரே தெரியாது. மற்ற மேக வியாதிகளோ ஒன்றும் மறைந்து போகவில்லை. பள்ளிக்கூடங்களில் இளம் பருவக் கல்வி என்று ஒன்றை ஆரம்பித்தபோது, 2007-ல் பல மாநிலங்கள் அதைத் தடை செய்தன; பிள்ளைகள் கெட்டுப் போய் விடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். பேசாமல் இருந்ததனால் கெட்டுப் போன பிள்ளைகளின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

அந்த மிட்டாய்ப் பெட்டி வந்த வருஷத்திலிருந்து நாம் பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கி வருகிறோம். முதல் தடவை பேசியபோது குரல் நடுங்கிற்று. சுண்ணாம்புக் கட்டி இரண்டு முறை உடைந்தது. எப்படி வரும் என்பதை ஒரு பக்கத்திலும் எப்படி வராது என்பதை மறு பக்கத்திலும் எழுதுகிறோம். மறு பக்கத்துப் பட்டியலில் 'தட்டு, டம்ளர்' என்று முதலில் எழுதுவது நமது வழக்கம். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதில்லை.

சென்ற வருஷம் அந்த வகுப்பு நடந்த மறுநாள், ஒரு மாணவியின் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உழவர், வெள்ளை வேஷ்டி, தோளில் துண்டு. முகத்தில் கடுகடுப்பு. தலைமையாசிரியர் அறைக்குத்தான் போவார் என்று எதிர்பார்த்தோம். நேரே நம்மிடம் வந்து, மரத்தடிக்கு வரும்படி சைகை செய்தார்.

"சின்னது வீட்டில வந்து என்னென்னவோ சொல்லுதுங்க" என்றார். நாம் மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தை தேடிக் கொண்டிருந்தோம். "மூத்ததுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கோம். பையன் வெளியூர்ல வேலை. கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு பேருக்கும் ரத்தம் பார்க்கலாம்னு சின்னது சொல்லுச்சு. அதுக்கு என்னங்க செலவாகும்?"

அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவே இல்லை, ரகசியமாகவும் வைப்பார்கள் என்றோம். புதிதாகத் தொற்றிய சில வாரங்களுக்குள் பார்த்தால் பரிசோதனை ஏமாற்றக் கூடும் என்பதையும் சொன்னோம். அவர் தலையை ஆட்டினார்.

"அது சரிங்க. மாப்பிள்ளை வீட்டுல இதை எப்படிங்க கேக்கறது? வாயத் தொறந்தா சம்பந்தம் முறிஞ்சு போயிருமே?"

அதற்கு நம்மிடமும் தயாராகப் பதில் இல்லை. மதிய இடைவேளை முழுவதும் இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து, நமது நோட்டுப் புத்தகத்தில் அந்த ஒரு வாக்கியத்தை எழுதி எழுதி அடித்தோம். கடைசியில், "எங்கள் பெண்ணுக்கு முதலில் பார்த்து விட்டோம், இதோ காகிதம். தம்பிக்கும் பார்த்து விடலாமா?" என்று வந்து நின்றது. அவர் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "பெண்ணுக்கு முதலில்" என்பது போதாது, "எங்கள் இருவருக்கும் கூடத்தான்" என்று சேர்க்கச் சொன்னார். தமக்கும் தம் சம்சாரத்துக்கும் பார்த்துக் கொள்ளப் போகிறாராம். சேர்த்து எழுதி, தாளைக் கிழித்துக் கொடுத்தோம். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார்.